முதல் ட்ரோன் வாங்கும் முன்: குறைந்த செலவில் பறக்கக் கற்றுக்கொள்ள ஒரு வழிகாட்டி

சென்ற பொங்கல் விடுமுறைக்குப் பொள்ளாச்சியை அடுத்த எங்கள் ஊருக்குப் போயிருந்தபோது, அக்கா மகன் தன் சேமிப்பில் வாங்கிய முதல் ட்ரோனை அட்டைப்பெட்டியோடு கொண்டுவந்து காட்டினான். 4கே கேமரா, இரட்டை லென்ஸ், ஒரே பொத்தானில் வீடு திரும்பும் வசதி என்று பெட்டியின் எல்லாப் பக்கங்களிலும் பெரிய எழுத்தில் அச்சிட்டிருந்தது. மூன்றாம் முறை மேலே ஏற்றியபோது அது தென்னை மட்டையில் உரசிக் கீழே விழுந்து, ஓர் இறக்கை அடியோடு முறிந்தது. மிகச் சிறிய விலையுள்ள பிளாஸ்டிக் துண்டுதான். ஆனால் அந்த மாடலுக்குப் பொருந்தும் உதிரி இறக்கை நாங்கள் தேடிய எந்தக் கடையிலும் இல்லை. விற்றவரிடமிருந்தும் பதில் வரவில்லை. மொத்தமாகப் பதினைந்து நிமிடங்கூடப் பறக்காத அந்த ட்ரோன் இன்றும் அலமாரியின் மேல்தட்டில் கிடக்கிறது.

கற்றுக்கொள்ளும் எவருடைய ட்ரோனும் விழத்தான் செய்யும். விழுந்தபின் மறுநாளே அதை மீண்டும் பறக்கவைக்க முடியுமா என்பதைத்தான் வாங்கும்போது பார்க்க வேண்டும். முதல் ட்ரோனைப் படமெடுக்கும் கருவியாக எண்ணாமல், விரல்களுக்குப் பழக்கம் தரும் பயிற்சிக் கருவியாக எண்ணினால் தேர்வு மிகவும் எளிதாகிவிடும். கொடுக்கும் பணத்துக்கு எத்தனை நிமிடங்கள் வானில் இருக்கலாம் என்ற ஒரே கணக்கை வைத்துக்கொண்டு மற்ற எல்லாவற்றையும் நான் அளந்து பார்க்கிறேன்.

பணத்தை நிமிடங்களாக மாற்றிப் பார்த்தல்

விளையாட்டு வகைக் குவாட்காப்டர்கள் (நான்கு இறக்கைகள் உள்ள ட்ரோன்கள்) பெரும்பாலும் ஒரு பேட்டரியில் 5 முதல் 8 நிமிடங்கள் பறக்கும். அந்தப் பேட்டரி மீண்டும் நிரம்ப ஏறத்தாழ ஒரு மணி நேரம் ஆகும். உங்களிடம் 3,000 ரூபாய் இருப்பதாக வைத்துக்கொள்வோம். அது முழுவதையும் கொடுத்து, கேமராவும் ஒரே பேட்டரியும் கொண்ட ட்ரோனை வாங்கினால், மாலையில் கிடைக்கும் அரை மணி நேரத்தில் 6 நிமிடங்கள் பறந்துவிட்டு வீட்டுக்குத் திரும்ப வேண்டும். அதே தொகையில் கேமரா இல்லாத சிறிய ட்ரோன் ஒன்றையும், கூடுதலாக இரண்டு பேட்டரிகளையும், இரண்டு செட் இறக்கைகளையும் வாங்கினால் 18 நிமிடங்கள் கிடைக்கின்றன. நாள்தோறும் பறப்பவருக்கு ஒரு மாதத்தில் இது 3 மணி நேரத்துக்கும் 9 மணி நேரத்துக்கும் உள்ள வேறுபாடு. முதல் மாதத்தில் 9 மணி நேரம் பறந்தவரின் கை, கேமரா வாங்கியவரின் கையைவிட வெகுதூரம் முன்னே போயிருக்கும்.

ஆகவே கையிலுள்ள தொகையில் மூன்றில் ஒரு பங்கைப் பேட்டரிக்கும் இறக்கைக்கும் முதலிலேயே ஒதுக்கிவிட்டு, எஞ்சியதற்குள் ட்ரோனைத் தேடுங்கள். பேட்டரிகளை ட்ரோனுடனேயே வாங்கிவிடுவது நல்லது, ஏனெனில் ஒவ்வொரு மாடலின் பேட்டரி இணைப்பும் வெளிக்கூடும் ஒவ்வொரு வடிவில் இருப்பதால், ஆறு மாதம் கழித்துத் தேடினால் அதே வடிவம் கிடைக்கும் என்று சொல்ல முடியாது.

எடையும் சட்டமும்

அடுத்துப் பார்க்க வேண்டியது எடை. இந்தியாவில் 2021 ஆகஸ்டில் வெளியான ட்ரோன் விதிகள் 250 கிராம் வரையிலான ட்ரோன்களை நானோ வகை என்றும், அதற்கு மேல் 2 கிலோ வரை உள்ளவற்றை மைக்ரோ வகை என்றும் பிரிக்கின்றன. நானோ வகையைப் பறக்கவிட ரிமோட் பைலட் சான்றிதழ் தேவையில்லை. மூன்றாம் தரப்புக் காப்பீடும் கட்டாயமில்லை. மைக்ரோ வகையை வணிக நோக்கமின்றிப் பறப்பவருக்கும் பைலட் சான்றிதழிலிருந்து விலக்கு உண்டு என்றாலும், காப்பீட்டுப் பொறுப்பு சேர்ந்துகொள்கிறது. புதியவர் 250 கிராமுக்குள் நிற்பதே அறிவுடைமை. பாதுகாப்புக் காரணமும் இதில் உண்டு: உள்ளங்கை அளவுள்ள 50 கிராம் ட்ரோன் சுவரில் மோதினால் பெரும்பாலும் தானும் உடையாது, எதையும் உடைக்கவும் செய்யாது. 500 கிராம் ட்ரோன் அதே வேகத்தில் ஒருவர் முகத்தில் மோதினால் என்ன ஆகும் என்று எண்ணிப் பாருங்கள்.

எடை குறைவு என்பதால் எங்கும் பறக்கலாம் என்று பொருள் கொள்ளக் கூடாது. டிஜிட்டல் ஸ்கை என்ற அரசுத் தளத்தின் வரைபடம் நாட்டைப் பச்சை, மஞ்சள், சிவப்பு மண்டலங்களாகப் பிரித்துக் காட்டுகிறது. பச்சை மண்டலத்தில் 400 அடி உயரம் வரை முன்அனுமதி தேவையில்லை. விமான நிலையத்தின் சுற்றெல்லையிலிருந்து 8 முதல் 12 கிலோமீட்டர் வரையுள்ள பகுதியில் அந்த வரம்பு 200 அடியாகக் குறைகிறது. அதற்கும் நெருங்கினால் அனுமதியின்றிப் பறக்க முடியாது. மீனம்பாக்கம் விமான நிலையமும் தாம்பரம் விமானப்படைத் தளமும் அருகருகே இருப்பதால், தென்சென்னையில் வசிப்பவர்கள் மொட்டை மாடிக்குப் போகும் முன் வரைபடத்தைத் திறந்து பார்ப்பது மிக அவசியம். பீளமேடு, சூலூர், தஞ்சாவூர் பகுதியினருக்கும் இதையே சொல்வேன். பெரிய தலைவர்கள் வரும் நாட்களில் காவல்துறை தற்காலிகத் தடை விதிப்பதும் உண்டு, ஆகவே அன்றைய செய்தித்தாளையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

இன்னொன்றும் தெரிந்திருக்க வேண்டும். முழுமையாகவோ பிரித்த நிலையிலோ ட்ரோன்களை வெளிநாட்டிலிருந்து இறக்குமதி செய்வதை இந்திய அரசு 2022 பிப்ரவரி 9 அன்று தடை செய்தது. உதிரி பாகங்களுக்கு மட்டும் அந்தத் தடை இல்லை. வெளிநாட்டுத் தளத்தில் விலை மலிவாக இருக்கிறதென்று பணம் கட்டினால், பொருள் சுங்கத்துறையிடமே நின்றுவிடும். உள்நாட்டு விற்பனையாளரிடம், பெயரும் முகவரியும் உள்ள பில்லோடு வாங்குங்கள்.

கேமரா என்ற தூண்டில்

2018இல் ரைஸ் நிறுவனம் வெளியிட்ட டெல்லோ என்ற சிறிய ட்ரோனை இங்கே ஓர் அளவுகோலாக வைத்துக்கொள்ளலாம். 80 கிராம் எடை, ஏறத்தாழ 13 நிமிடப் பறப்பு, வெளியானபோது அமெரிக்காவில் 99 டாலர் விலை. பறத்தல் நுட்பத்தைப் பெரிய ட்ரோன் நிறுவனமான டிஜேஐ வழங்கிய, கவனமாகச் செய்யப்பட்ட அந்த ட்ரோனே 5 மெகாபிக்சல் படமும் 720பி காணொளியும் மட்டுமே எடுக்கும் என்று வெளிப்படையாகச் சொன்னது. அப்படியிருக்க, அதில் பாதி விலைக்கும் குறைவான பொம்மை ட்ரோன் 4கே காணொளி எடுக்கும் என்று அட்டைப்பெட்டி சொன்னால் அதை எப்படி நம்ப முடியும்? பெரும்பாலும் சிறிய சென்சார் பிடித்த தெளிவற்ற படத்தைச் செயலி இழுத்துப் பெரிதாக்கிச் சேமிக்கிறது. அதோடு, கேமராவை அசையாமல் தாங்கும் கிம்பல் இல்லாத ட்ரோனில் படம் காற்றுக்கேற்ப ஆடிக்கொண்டே இருக்கும்.

இந்தக் கேமரா உங்கள் பணத்தை மட்டும் எடுத்துக்கொள்வதில்லை. எடையைக் கூட்டிப் பறக்கும் நேரத்தையும் குறைக்கிறது. அதைவிட மோசமாக, கற்கும் நாட்களில் உங்கள் கண்களை ட்ரோனிலிருந்து கைபேசித் திரைக்கு இழுத்துவிடுகிறது. வைஃபை வழியாக வரும் படம் சற்றுத் தாமதமாகவே வரும் என்பதால், திரையில் மரம் தெரியும்போது ட்ரோன் ஏற்கெனவே மரத்தில் இருக்கும்.

மோட்டாரும் உடலும்

மலிவு வகைகளில் பிரஷ் உள்ள கோர்லெஸ் (சுழலும் பகுதியில் இரும்புக் கரு இல்லாத) மோட்டார்கள் இருக்கும். விலை கூடியவற்றில் பிரஷ்லெஸ் மோட்டார்கள் இருக்கும். முதல் வகையில் உள்ளே உரசி மின்சாரம் கடத்தும் பிரஷ் தேய்ந்துகொண்டே போவதால் சில மணி நேரப் பறப்புக்குப் பிறகு வலு குறையும். நான்கில் ஒரு மோட்டார் தளர்ந்துவிட்டால், ட்ரோன் எப்போதும் அந்த மூலையை நோக்கியே சாய்ந்து நழுவும். பிரஷ்லெஸ் மோட்டார் பல மடங்கு காலம் உழைக்கும். விளம்பரத்தில் பிரஷ்லெஸ் என்று எழுதியிருப்பதை அப்படியே ஏற்காமல், பொருளின் நெருக்கப் படத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள். மெல்லிய உருளை வடிவில் இரண்டு கம்பிகளோடு இருந்தால் அது பிரஷ் மோட்டார். மூன்று கம்பிகள் இருந்து வெளிக்கூடே சுழன்றால் அது பிரஷ்லெஸ். கற்பதற்குப் பிரஷ் மோட்டாரே போதும், ஆனால் பிரஷ் மோட்டாருக்கு உரிய விலையை மட்டுமே கொடுக்க வேண்டும். மோட்டார் கம்பிகள் சிறிய பிளக்கில் செருகப்பட்டிருக்கின்றனவா, மின்சுற்றுப் பலகையில் நேரே சால்டர் செய்யப்பட்டிருக்கின்றனவா என்று கேட்டுக்கொள்ளுங்கள். பிளக் இருந்தால் வீட்டிலேயே ஐந்து நிமிடத்தில் மாற்றிவிடலாம்.

உடலைப் பொறுத்தவரை, இறக்கைகளைச் சுற்றி முழு வளையமாகக் காப்பு உள்ள மாடலையே எடுங்கள். பாதி வளைவாக வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் காப்பு திரைச்சீலையிலும் செடியிலும் மாட்டிக்கொள்ளும். மடக்கக்கூடிய கைகள் பையில் வைக்க வசதியானவை என்றாலும், முதலில் உடைவது அந்த மடிப்பு மூட்டுதான்.

வேண்டியவையும் வேண்டாதவையும்

உயரத்தைத் தானே நிலைநிறுத்தும் வசதி புதியவருக்கு மிகவும் உதவும். ட்ரோனுக்குள் உள்ள காற்றழுத்த உணரி இதைச் செய்கிறது; சிலவற்றில் கீழ்நோக்கிய ஒளி உணரி தரையைப் பார்த்து இடத்தையும் நிலைநிறுத்தும். ஆனால் தரையைப் பார்த்து உயரத்தை அளக்கும் ட்ரோனை மொட்டை மாடியின் கைப்பிடிச் சுவரைத் தாண்டிச் செலுத்தாதீர்கள். சுவரைக் கடந்த கணமே அதற்குத் தரை முப்பது அடி கீழே போய்விடுவதால், அது திகைத்துத் தாழவோ நழுவவோ தொடங்கும்.

முன்பக்கம் எது என்று பார்க்கத் தேவையில்லாத ஹெட்லெஸ் முறையை நான் பரிந்துரைப்பதில்லை. திசை மாறினாலும் சரியாகச் செலுத்துவதே இந்தக் கலையின் பாதி. அதைக் கற்காமல் தள்ளிப்போட வைக்கும் வசதி இது. ஜிபிஎஸ் இல்லாத ட்ரோனில் உள்ள வீடு திரும்பும் பொத்தானையும் நம்ப வேண்டாம். தான் எங்கே இருக்கிறோம் என்று அதற்குத் தெரியாது. புறப்பட்டபோது பின்பக்கமாக இருந்த திசையில் நகரத் தொடங்கும், அவ்வளவுதான். உண்மையான ஜிபிஎஸ் உள்ளவற்றின் விலை பொம்மை ட்ரோன்களைவிடப் பல மடங்கு. அவை இரண்டாம் ட்ரோனாக வரட்டும்.

கைபேசியால் மட்டும் இயக்கும் ட்ரோனைத் தவிர்த்து, இரண்டு ஸ்டிக்குகள் உள்ள தனி ரிமோட்டோடு வருவதையே வாங்குங்கள். கண்ணாடித் திரையில் விரல் எங்கே இருக்கிறது என்பதைக் கண்ணால் பார்த்துத்தான் அறிய முடியும். ஸ்டிக்கை விரலே உணர்ந்துகொள்ளும். இடது ஸ்டிக் உயரத்தையும் சுழற்சியையும், வலது ஸ்டிக் முன்பின் இடவலம் நகர்வையும் ஆளும் அமைப்புக்கு மோட் 2 என்று பெயர். இதுவே பரவலாக உள்ளது. இதில் பழகிய கை அடுத்தடுத்த ட்ரோன்களுக்கும் உதவும்.

பணம் கட்டும் முன் செய்ய வேண்டியது ஒன்றே. மாடல் பெயரோடு இறக்கை, மோட்டார், பேட்டரி என்று தனித்தனியாகத் தேடுங்கள். மூன்றும் கிடைத்தால் வாங்குங்கள். இறக்கையே கிடைக்காவிட்டால் எவ்வளவு மலிவாக இருந்தாலும் விட்டுவிடுங்கள்.

பெட்டியைத் திறந்ததும்

எல்லாப் பாகங்களும் இருக்கின்றனவா என்று பார்த்தபின் இறக்கைகளைக் கவனியுங்கள். ஒவ்வொன்றிலும் ஏ அல்லது பி என்ற எழுத்து பொடியாகப் பொறிக்கப்பட்டிருக்கும். குவாட்காப்டரில் குறுக்காக எதிரெதிரே உள்ள இரண்டு இறக்கைகள் ஒரே திசையிலும், மற்ற இரண்டும் எதிர்த்திசையிலும் சுழல்வதால்தான் உடல் சுழலாமல் நிற்கிறது. ஏ இருக்க வேண்டிய இடத்தில் பி மாட்டப்பட்டால், திராட்டிலை (உயரத்தை ஆளும் ஸ்டிக்கை) தூக்கியதும் ட்ரோன் எழாமல் குப்புறக் கவிழும். எழுத்து அழிந்திருந்தால் இறக்கையை விரலால் தடவிப் பாருங்கள்: ஒரு விளிம்பு உயர்ந்தும் மறு விளிம்பு தாழ்ந்தும் இருக்கும், உயர்ந்த விளிம்பு சுழலும் திசையில் முந்திச் செல்ல வேண்டும். வீட்டுக்குள் பறந்தபின் இறக்கையின் அடித்தண்டைப் பார்ப்பதும் அவசியம். தரையில் கிடக்கும் ஒரே ஒரு தலைமுடி அதில் சுற்றிக்கொண்டால் போதும், மோட்டார் திணறிச் சூடாகும். ஊசி முனையால் அந்த முடியை எடுத்தபின் ட்ரோன் பழைய வலுவோடு எழுவதைப் பலமுறை பார்த்திருக்கிறேன்.

பேட்டரி லிப்போ (லித்தியம் பாலிமர்) வகை. ஒற்றைச் செல்லின் பெயரளவு மின்னழுத்தம் 3.7 வோல்ட்; நிரம்பினால் 4.2 வோல்ட். விளக்கு சிமிட்டியதும் இறக்கிவிடுங்கள். கடைசித் துளிவரை பறந்தால் செல் கெட்டுவிடும். பறந்து முடித்த பேட்டரி வெதுவெதுப்பாக இருக்கும்போது சார்ஜில் போடாமல் கால் மணி நேரம் ஆறவிடுங்கள். தூங்கும்போதோ, யாரும் வீட்டில் இல்லாதபோதோ சார்ஜ் போடக் கூடாது. மெத்தை மேல் வைத்துச் சார்ஜ் போடாமல் சிமெண்ட் தரையிலோ பீங்கான் தட்டிலோ வையுங்கள். சில வாரங்கள் பறக்கப் போவதில்லை என்றால் பாதியளவு சார்ஜோடு, ஏறத்தாழ 3.8 வோல்ட்டில், நிழலான இடத்தில் வையுங்கள். உப்பிய பேட்டரியைக் குத்தவோ அழுத்தவோ மீண்டும் சார்ஜ் போடவோ வேண்டாம், அது தீப்பிடிக்கக்கூடியது. மின்கழிவு சேகரிப்பவரிடம் கொடுத்துவிடுங்கள்.

இடமும் நேரமும்

ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்பார்கள். 50 கிராம் ட்ரோன் எம்மாத்திரம்? பாலக்காட்டுக் கணவாய் வழியாக ஆனி, ஆடி மாதங்களில் வீசும் காற்று பொள்ளாச்சி, உடுமலைப் பக்கத்தில் சிறிய ட்ரோன்களுக்கு இடமே தராது. சென்னையிலும் மற்றக் கடற்கரை ஊர்களிலும் கடற்காற்று தொடங்கும் முன், காலை 6 மணி முதல் 8 மணி வரை பறப்பது நல்லது. வேப்பமரத்தின் இலைகள் ஓயாமல் அசைந்தால் அன்று வெளியே வேண்டாம். வீட்டுக்குள் பழகுவதானால் மின்விசிறியை நிறுத்திவிடுங்கள்.

மரமும் மின்கம்பியும் இல்லாத, புல் உள்ள பள்ளி மைதானமோ அறுவடை முடிந்த வயலோ மிகப் பொருத்தம். மண் உள்ள தரையில் ஒரு பாயையோ அட்டையையோ விரித்து அதிலிருந்து ஏற்றினால் மோட்டாருக்குள் தூசி போகாது. காற்றை எதிர்த்து முதலில் செல்லுங்கள். பேட்டரி குறையும்போது காற்றே அதைத் திரும்பக் கொண்டுவரும். மின்கம்பியில் சிக்கிய ட்ரோனைக் கம்பாலோ கழியாலோ எடுக்க முயலவே கூடாது. மின்வாரியத்துக்குச் சொல்லுங்கள், அவர்கள் வந்து எடுக்காவிட்டால் அது அங்கேயே இருக்கட்டும்.

முதல் பத்து மணி நேரம்

சமதளத்தில் ட்ரோனை வைத்து, கையேட்டில் சொன்னபடி, சாய்வையும் சுழற்சியையும் உணரும் கைரோவைச் சீராக்கிய பின், வால்பக்கம் உங்களை நோக்கி இருக்குமாறு நின்றுகொள்ளுங்கள். தரையை ஒட்டி மிதக்கவிட்டால் இறக்கைகள் கீழே தள்ளும் காற்றே திரும்பி வந்து அதை ஆட்டும். எனவே தயங்காமல் மார்பளவு உயரத்துக்கு ஏற்றி, ஒரு பாயின் அளவுக்குள் அதை நிறுத்திவைக்கப் பழகுங்கள். முதல் ஐந்தாறு பேட்டரிகளை இதற்கே செலவிடுங்கள். கை எதுவும் செய்யாதபோதும் ஒரே பக்கம் நழுவினால் ட்ரிம் பொத்தானால் எதிர்ப்பக்கம் ஓரிரு முறை தட்டிச் சரிசெய்யுங்கள். ஸ்டிக்கை நுனிவரை தள்ளாமல், சோற்றில் உப்பிடுவதுபோல் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுங்கள்.

மோதப் போகிறது என்று தெரிந்தால் திராட்டிலை உடனே முழுவதும் இறக்குங்கள். விழுந்தபின்னும் இறக்கை எதிலாவது சிக்கிச் சுழல முடியாமல் நின்றால், மின்சாரம் பாய்ந்துகொண்டிருக்கும் மோட்டார் சில நொடிகளில் கருகிவிடும். கற்பவர்கள் பயத்தில் செய்வது இதற்கு நேர்மாறானது: திராட்டிலைத் தூக்கிக் காப்பாற்றப் பார்ப்பார்கள். அதனால் இறக்கும் அசைவை மட்டும் ட்ரோனை அணைத்துவைத்துப் பத்து முறை பழகுங்கள்.

நிறுத்திவைக்க வந்தபின் சதுரமாகச் செலுத்துங்கள்; பிறகு ட்ரோனைப் பக்கவாட்டில் திருப்பி அதே சதுரம். அடுத்து வருவதுதான் எல்லோரும் தடுமாறும் கட்டம்: ட்ரோனின் முகம் உங்களை நோக்கி இருப்பது. என்னுடைய ட்ரோனில் பழகத் தொடங்கிய அக்கா மகன் இந்தக் கட்டத்தில்தான், “மாமா, வலப்பக்கம் தள்ளினால் இடப்பக்கம் போகிறதே” என்று ரிமோட்டை என் கையில் திணித்தான். அவனுக்குச் சொன்ன உபாயத்தை உங்களுக்கும் சொல்கிறேன். முகம் உங்களைப் பார்த்திருக்கும்போது ட்ரோனின் எந்தப் பக்கம் தாழ்கிறதோ, ஸ்டிக்கை அந்தப் பக்கமே தள்ளுங்கள், சாயும் பந்தலுக்குக் கீழே முட்டுக் கொடுப்பதுபோல. இடவலத்தை மூளையில் மாற்றிக் கணக்கிடத் தேவையே இராது. மூன்றாம் பேட்டரி முடியும்போது அவன் விரல்கள் தாமாகவே அதைச் செய்யத் தொடங்கியிருந்தன.

முகம் பார்க்கும் நிலையிலும் நடுங்காமல் நிறுத்த முடிந்தால், இரண்டு செங்கற்களைப் பத்தடி இடைவெளியில் வைத்து அவற்றைச் சுற்றி எட்டு வடிவில் செலுத்துங்கள். எட்டின் ஒவ்வொரு சுற்றிலும் ட்ரோன் எல்லாத் திசைகளையும் பார்க்க நேர்வதால், இதைவிட நல்ல பயிற்சி எனக்குத் தெரிந்து இல்லை. ஒரே பேட்டரியில் ஒருமுறைகூட விழாமல், உயரம் மாறாமல், இருபுறமும் மாற்றி மாற்றி எட்டுப் போட முடிகிற நாளில் இரண்டாம் ட்ரோனைப் பற்றி யோசிக்கலாம். படமெடுக்க விரும்புபவர் 250 கிராமுக்குள் ஜிபிஎஸ்ஸும் கிம்பலும் உள்ள ஒன்றுக்குச் சேமிக்கத் தொடங்கட்டும். கண்ணாடி அணிந்து ட்ரோனின் பார்வையிலேயே பறக்கும் எஃப்பிவி பக்கம் மனம் போனவர், முதலில் கணினியோடு இணையும் நல்ல ரிமோட் ஒன்றை வாங்கி, லிஃப்ட்ஆஃப் போன்ற சிமுலேட்டரில் சில வாரங்கள் பறந்து பார்க்கட்டும். அங்கே உடையும் இறக்கைக்கு விலை இல்லை.